ஹாஸ்கலில் தமிழ் உரை: ஸ்ட்ரிங், டெக்ஸ்ட், பைட்ஸ்ட்ரிங் ஆகியவற்றுள் எது, எங்கே?

ஹாஸ்கல் என்னும் நிரல்மொழியைக் கணினியில் நிறுவி, அதன் ஊடாடு முனையான ஜிஹெச்சிஐயைத் திறந்து, மேற்கோள் குறிகளுக்குள் ‘தமிழ்’ என்று தட்டி எண்டர் விசையை அழுத்தினால், திரையில் தமிழ் வருவதில்லை. \2980\2990\3007\2996\3021 என்ற எண்வரிசை வருகிறது. இதைப் பார்த்த புதியவர் ஹாஸ்கலுக்குத் தமிழ் தெரியாது என்ற முடிவுக்கு வந்துவிடுகிறார். உண்மையில் அந்த ஐந்து எண்களும் த, ம, இகரக் குறி, ழ, புள்ளி ஆகியவற்றின் யூனிகோடு குறியெண்கள், ஒன்றுகூடப் பிழையில்லை. ஊடாடு முனை எந்த மதிப்பையும் ‘ஷோ’ என்னும் செயற்கூறு வழியாகவே காட்டுகிறது. அந்தச் செயற்கூறு தருவது மனிதர் படிப்பதற்கான உரையன்று, மீண்டும் ஹாஸ்கல் நிரலாகவே வாசிக்கத்தக்க வடிவம். ஆகவே ஆங்கில எழுத்துகள், எண்கள் முதலான அடிப்படை ஆஸ்கி வரிசைக்கு வெளியே உள்ள எதுவும் எண்ணாக மாற்றப்படுகிறது. அதே சொல்லைப் ‘புட்ஸ்ட்ரிங்லைன்’ என்ற செயற்கூறிடம் கொடுத்தால் தமிழ் தமிழாகவே அச்சாகும். ஊடாடு முனையிலும் அப்படியே வேண்டுவோர் யூனிகோட்-ஷோ என்ற சிறு நூலகத்தை நிறுவி, அச்சிடும் செயற்கூறை மாற்றிக்கொள்ளலாம்.

இந்தச் சிறு குழப்பம் தீர்ந்தவுடன் அடுத்த கேள்வி எழுகிறது: உரையைக் கையாள எந்தத் தரவு வகையைப் பயன்படுத்துவது? அனுபவமுள்ளவர்கள் தரும் பதில் பெரும்பாலும் ஒரே வரிதான்: ஸ்ட்ரிங்கை விட்டுவிட்டு டெக்ஸ்டைப் பயன்படுத்துங்கள். அந்த அறிவுரை சரியானது. ஆனால் அது வேகத்தையும் நினைவகத்தையும் மட்டுமே பற்றிய அறிவுரையாகப் புரிந்துகொள்ளப்படுவதில் எனக்கு நீண்ட நாளாக மனக்குறை உண்டு. பைட்டுகள் எந்த இடத்தில் எழுத்துகளாக மாறுகின்றன, அந்த மாற்றத்துக்கான விதியை யார் தீர்மானிக்கிறார்கள் என்பதுதான் இதன் அடியில் கிடக்கும் கேள்வி. ஆங்கில உரையை மட்டும் கையாள்பவர் இந்தக் கேள்விக்குத் தவறான விடை வைத்திருந்தாலும் ஆண்டுக்கணக்கில் அது வெளியே தெரியாது. தமிழைக் கையாள்பவருக்கு முதல் நாளே தெரிந்துவிடும்.

முதலில் ஸ்ட்ரிங்கின் உடலமைப்பைப் பார்ப்போம். ஹாஸ்கலில் ஸ்ட்ரிங் என்பது தனி வகையன்று. எழுத்துகளின் பட்டியல் என்பதற்கு இடப்பட்ட மறுபெயர். பட்டியல் என்றால் கண்ணி கண்ணியாகக் கோத்த சங்கிலி. 64 பிட் கணினியில் ஒவ்வொரு கண்ணிக்கும் தலைப்பு, எழுத்தைச் சுட்டும் முகவரி, அடுத்த கண்ணியைச் சுட்டும் முகவரி என்று மூன்று சொற்கள், அதாவது 24 பைட் வேண்டும். எழுத்தும் தனிப் பெட்டியாக இருந்தால் அதற்கு இன்னும் 16 பைட். ஹாஸ்கல் நிரலை இயந்திர மொழிக்கு மாற்றும் ஜிஹெச்சி கம்பைலர் 256க்குக் குறைவான குறியெண் கொண்ட எழுத்துகளுக்கு மட்டும் ஆயத்தப் பெட்டிகளை வைத்துக்கொண்டு அவற்றையே பகிர்ந்து பயன்படுத்துகிறது. தமிழின் குறியெண்கள் 2944 முதல் 3071 வரையிலான கட்டத்தில் இருப்பதால் அந்தச் சலுகை தமிழுக்குக் கிடைப்பதில்லை. ஆங்கில எழுத்துக்கு 24 பைட் என்றால் தமிழ்க் குறியெண் ஒவ்வொன்றுக்கும் 40 பைட் வரை ஆகிறது. ‘தமிழ்’ என்ற ஐந்து குறியெண் சொல் ஸ்ட்ரிங்காக 200 பைட்டைப் பிடிக்கும். கோப்பில், குறியெண்களைப் பைட்டுகளாக எழுதும் யூடிஎஃப்-8 குறியாக்கத்தில், அதே சொல் 15 பைட்தான். பத்து லட்சம் குறியெண்கள் கொண்ட ஒரு தமிழ் நூலை முழுதாக ஏற்றினால் 3 எம்பி கோப்பு நினைவகத்தில் 40 எம்பி ஆகிவிடும்.

இப்படி ஓர் அமைப்பை ஏன் தேர்ந்தார்கள் என்று கேட்பது நியாயமே. 1987இல் அமெரிக்காவின் போர்ட்லாந்து நகரில் நடந்த மாநாட்டில் கூடிய ஆய்வாளர்கள் ஒரு குழுவை அமைத்து உருவாக்கிய மொழி இது. அதன் முதல் வரையறை 1990இல் வெளியானது. தேவைப்படும்போது மட்டும் கணிக்கும் முறையை அடித்தளமாகக் கொண்ட மொழியில், பட்டியல் என்பது எல்லாவற்றுக்கும் பொதுவான கருவியாக இருந்தது. உரையையும் பட்டியலாக வைத்துவிட்டால், பட்டியலுக்காக எழுதிய ஒவ்வொரு செயற்கூறும் உரைக்கும் பொருந்தும், கற்பிக்க எளிது, வகுப்பறைக்கு அழகு. அந்த அழகு பொய்யன்று. இன்றும் ஒரு பயிற்சிக் கணக்குக்கோ பிழைச் செய்தி ஒன்றைக் கட்டுவதற்கோ ஸ்ட்ரிங் போதும். பெரிய கோப்புகளும் இணையச் சேவைகளும் வந்தபோதுதான் அது தாங்கவில்லை.

அதைவிட ஆழமான குறை ஒன்று அந்தக் காலத்தில் இருந்தது. எழுத்து என்ற வகை முழு யூனிகோடு குறியெண்ணையும் தாங்கக்கூடியதாக இருந்தும், 2009 டிசம்பரில் ஜிஹெச்சி 6.12 வரும்வரை கோப்பில் எழுதும் செயற்கூறுகள் ஒவ்வொரு எழுத்தின் கடைசி எட்டு பிட்டை மட்டும் எழுதிவிட்டு மீதியை வெட்டி எறிந்தன. தமிழில் எழுத வேண்டுமென்றால் தனி நூலகம் ஒன்றை இடையில் வைத்துத்தான் எழுத முடிந்தது. 6.12 பதிப்புதான், திறந்த கோப்பையோ திரையையோ நிரல் சுட்டப் பயன்படுத்தும் கைப்பிடிகளுக்குக் குறியாக்கம் என்ற கருத்தையே கொண்டுவந்தது. அந்தக் குறியாக்கத்தை இயங்குதளத்தின் மொழி அமைப்பிலிருந்து எடுத்துக்கொள்வது என்றும் அப்போது முடிவானது. அந்த இரண்டாம் முடிவின் விளைவை இன்றும் அனுபவிக்கிறோம். அதைப் பற்றிப் பின்னர் சொல்கிறேன்.

பைட்ஸ்ட்ரிங், டெக்ஸ்ட் ஆகிய இரு நூலகங்களும் இந்தப் பின்னணியில் பிறந்தவை. இரண்டும் தரவை இடைவெளியின்றி ஒரே தொகுதியாக நினைவகத்தில் வைப்பவை. ஆனால் அவற்றின் பொருள் வேறு. பைட்ஸ்ட்ரிங் என்பது வெறும் பைட்டுகளின் வரிசை. அது படமாகவும் இருக்கலாம், சுருக்கப்பட்ட கோப்பாகவும் இருக்கலாம், ஏதோ ஒரு குறியாக்கத்திலுள்ள உரையாகவும் இருக்கலாம். டெக்ஸ்ட் என்பதோ முறையான யூனிகோடு உரை என்று உறுதி அளிக்கப்பட்ட வகை. இந்த வேறுபாட்டை வேகத்தின் கணக்கில் பார்க்காமல் பொருளின் கணக்கில் பார்த்துவிட்டால் பாதிக் குழப்பம் தீர்ந்துவிடும். ஜிஹெச்சி 8.4 முதல் டெக்ஸ்ட் நூலகம் கம்பைலருடனேயே வருகிறது. ஆகவே கூடுதல் சார்பு என்று தயங்கவும் காரணமில்லை.

டெக்ஸ்ட் நூலகத்தின் உள்வடிவம் பல ஆண்டுகள் யூடிஎஃப்-16 ஆக இருந்தது. அதை யூடிஎஃப்-8க்கு மாற்றும் முயற்சி 2011இல் கூகுள் நடத்தும் கோடைக்கால மாணவர் திட்டத்தின்கீழ் ஒருமுறை நடந்து, முதன்மைப் பதிப்பில் சேராமல் நின்றுபோனது. பின்னர் ஆண்ட்ரூ லெலெசென்கோ அந்தப் பணியை மீண்டும் எடுத்துச் செய்து முடிக்க, 2021 டிசம்பரில் வந்த டெக்ஸ்ட் 2.0 பதிப்பில் உள்வடிவம் யூடிஎஃப்-8 ஆனது. இணையமும் கோப்புகளும் யூடிஎஃப்-8இல் இருக்கும்போது, ஒவ்வொரு முறையும் உள்ளே வரும்போது ஒரு மாற்றம், வெளியே போகும்போது ஒரு மாற்றம் என்பது வீண்வேலை. இப்போது உள்ளே வரும் பைட்டுகள் முறையானவையா என்று சரிபார்த்து நகலெடுத்தால் போதும்.

இந்த மாற்றம் தமிழுக்கு என்ன செய்தது என்பதை வெளிப்படையாகச் சொல்ல வேண்டும். யூடிஎஃப்-16இல் தமிழ்க் குறியெண் ஒன்றுக்கு 2 பைட். யூடிஎஃப்-8இல் 3 பைட். ஆங்கில உரையின் நினைவகத் தேவை பாதியாகக் குறைந்தபோது தமிழ் உரையின் தேவை ஒன்றரை மடங்காகியது. இருந்தும் இந்த மாற்றம் தமிழுக்கும் நல்லதே என்பது என் கருத்து. நாம் கையாளும் தமிழ் உரை பெரும்பாலும் தனியாக வருவதில்லை. இணையப் பக்கமாகவோ, நிரல்கள் தமக்குள் பரிமாறிக்கொள்ளும் ஜேசன் வடிவத் தரவாகவோ வருகிறது. அவற்றின் குறிச்சொற்களும் சாவிப் பெயர்களும் இடைவெளிகளும் ஒற்றை பைட் எழுத்துகள். தூய தமிழ் நூல் ஒன்றை ஏற்றுபவருக்கு மட்டும் இழப்பு உண்டு. அவருக்கும் ஸ்ட்ரிங்கின் 40 பைட்டோடு ஒப்பிட்டால் 2க்கும் 3க்கும் உள்ள வேறுபாடு பெரிதில்லை.

டெக்ஸ்ட் எல்லா இடத்திலும் சிக்கனம் என்றும் நினைத்துவிடக் கூடாது. ஒவ்வொரு டெக்ஸ்ட் மதிப்புக்கும் நீளம், தொடக்க இடம், தொகுதியின் முகவரி என்று நிலையான மேற்செலவு உண்டு; ‘தமிழ்’ என்ற சொல் தனியாக நின்றால் ஏறத்தாழ 64 பைட் ஆகும். மேலும், பெரிய உரையிலிருந்து ஒரு துண்டை எடுத்தால், அந்தத் துண்டு மூல உரையின் தொகுதியையே பகிர்ந்துகொள்கிறது. வேகத்துக்கு இது வரம். ஆனால் 100 எம்பி கோப்பிலிருந்து பத்துச் சொற்களை மட்டும் எடுத்து அகராதியில் வைத்துக்கொண்டால், அந்தப் பத்துச் சொற்கள் இருக்கும்வரை முழுக் கோப்பும் நினைவகத்தில் உட்கார்ந்திருக்கும். நிரல் ஏன் நினைவகத்தை விடுவதில்லை என்ற புகாருக்குப் பல நேரம் இதுவே காரணம். துண்டை வைத்துக்கொள்ளும் முன் டெக்ஸ்ட் நூலகத்தின் ‘காப்பி’ செயற்கூறை ஒருமுறை அழைத்தால் சிக்கல் தீரும்.

இனி எல்லைக்கு வருவோம். வெளியிலிருந்து வருவது எப்போதும் பைட்ஸ்ட்ரிங். நிரலின் உள்ளே உலவுவது டெக்ஸ்ட். இரண்டுக்கும் நடுவில் குறியாக்கத்தைப் பெயர்சொல்லி அழைக்கும் ஒரே ஒரு மாற்றுச் செயற்கூறு என்ற ஒழுங்கைக் கடைப்பிடிப்பவருக்குத் தமிழால் தொல்லை வருவதில்லை. தொல்லை வருவது இந்த ஒழுங்கை மீறும் குறுக்கு வழிகளில்தான். அவற்றுள் மிகவும் ஆபத்தானது பைட்ஸ்ட்ரிங் நூலகத்தின் ‘சார்8’ என்ற செயற்கூறுத் தொகுதி. அதன் ‘பேக்’ செயற்கூறு ஒவ்வொரு எழுத்தையும் எட்டு பிட்டாக வெட்டிவிடும். க என்ற எழுத்தின் குறியெண் 2965. வெட்டியபின் மிஞ்சுவது 149. பிழைச் செய்தி கிடையாது, எச்சரிக்கை கிடையாது. ஆங்கிலத்தை வைத்துச் செய்த சோதனைகள் அனைத்தும் தேறிவிடும்.

இதைவிட வருத்தம் தருவது, இந்த வெட்டு கண்ணுக்குத் தெரியாமலும் நடப்பதுதான். டெக்ஸ்ட் பயன்படுத்துவோர் அனைவரும் ‘ஓவர்லோடட் ஸ்ட்ரிங்ஸ்’ என்ற நீட்டிப்பை இயக்கிவைப்பது வழக்கம். அதன்பின் மேற்கோளுக்குள் எழுதும் உரை, சூழலைப் பொறுத்து ஸ்ட்ரிங்காகவோ டெக்ஸ்டாகவோ பைட்ஸ்ட்ரிங்காகவோ ஆகும். இணையச் சேவையின் பதில் பைட்ஸ்ட்ரிங்காக இருக்க வேண்டிய இடத்தில் ஒருவர் ‘வணக்கம்’ என்று நேரே எழுதினால், அது அதே வெட்டும் முறையில்தான் பைட்ஸ்ட்ரிங்காகிறது. வகைப் பிழைகளைக் கம்பைலரே பிடித்துவிடும் என்ற நம்பிக்கையை முன்வைக்கும் மொழியில், வகைகள் முற்றிலும் பொருந்தியிருந்தும் உரை சிதைந்துபோகும் இடம் இது. என்னைப் பொறுத்தவரை இந்த வசதி நூலகத்தில் இருக்கவே கூடாது. அது நீங்கும்வரை செய்ய வேண்டியது, உரையை டெக்ஸ்டாக எழுதி, ‘என்கோட் யூடிஎஃப்-8’ என்ற செயற்கூறு வழியாக மட்டும் பைட்டாக மாற்றுவது. சார்8 தொகுதியின் அச்சிடும் செயற்கூறுகள் மட்டும் இந்தக் குற்றச்சாட்டுக்கு விலக்கு. அவை கையிலுள்ள பைட்டுகளை மாற்றாமல் அப்படியே வெளியே அனுப்புபவை.

எதிர்த் திசையில், பைட்டுகளை டெக்ஸ்டாக மாற்றும்போது மூன்று வழிகள் உள்ளன. முறைகேடான பைட் வந்தால் நிரலை விதிவிலக்கோடு நிறுத்துவது ஒன்று. தோல்வியை ஒரு மதிப்பாகத் திருப்பித் தருவது மற்றொன்று. கெட்ட இடத்தில் மாற்றுக் குறியை இட்டுவிட்டுத் தொடர்வது மூன்றாவது. பயனர் ஏற்றும் கோப்புக்கு இரண்டாம் வழியே தகும். யூனிகோடுக்கு முந்தைய டிஸ்கி, டேப், டேம் குறியாக்கங்களில் தட்டச்சான பழைய தமிழ்க் கோப்புகள் இன்னும் புழக்கத்தில் இருப்பதால், வந்த கோப்பு யூடிஎஃப்-8 அன்று என்று பயனரிடம் சொல்லும் வாய்ப்பு நிரலுக்கு இருக்க வேண்டும். மூன்றாம் வழி அத்தகைய கோப்பைக் கேள்விக்குறிகளின் குவியலாக்கிச் சேமித்துவிடும்.

மொழி அமைப்பைப் பற்றிச் சொல்வதாகச் சொன்னேன். மேசைக் கணினியில் ஒழுங்காக ஓடிய நிரலை, நிரலைத் தனிச் சூழலில் பொதிந்து ஓட்டும் டாக்கர் கொள்கலனில் இட்டவுடன், தமிழை அச்சிடும் முதல் வரியிலேயே ‘தவறான எழுத்து’ என்ற பொருளுடைய பிழையோடு நின்றுவிடுகிறது. பல கொள்கலன்களில் மொழி அமைப்பே குறிக்கப்பட்டிருக்காது. குறிக்காவிட்டால் ஆஸ்கி என்று பொருள். ஸ்ட்ரிங்கின் கோப்புச் செயற்கூறுகள் மட்டுமன்றி, டெக்ஸ்ட் நூலகத்தின் வழக்கமான கோப்புச் செயற்கூறுகளும் இந்த அமைப்பையே பார்க்கின்றன. டெக்ஸ்டுக்கு மாறிவிட்டோம் என்று நிம்மதியாக இருப்பவர் ஏமாறுவது இங்கேதான். சூழல் மாறியான ‘லாங்’கைச் சி.யூடிஎஃப்-8 என்று குறிப்பது ஒரு தீர்வு. ஆனால் அது நிரலுக்கு வெளியே இருப்பது, யாரோ மறந்துவிடலாம். நிரலின் தொடக்கத்திலேயே கைப்பிடிகளின் குறியாக்கத்தை யூடிஎஃப்-8 என்று அமைப்பது அதைவிட மேல். கோப்புகளுக்கோ, டெக்ஸ்ட் 2.1 முதல் கிடைக்கும் தனி யூடிஎஃப்-8 செயற்கூறுத் தொகுதியைப் பயன்படுத்துவது எல்லாவற்றிலும் மேல். அது மொழி அமைப்பைப் பார்ப்பதே இல்லை.

ஸ்ட்ரிங்கின் கோப்பு வாசிப்பு இன்னொரு விதத்திலும் தொல்லை தரும். அது கோப்பை உடனே வாசிப்பதில்லை. உள்ளடக்கம் தேவைப்படும்போது மட்டும் சிறிது சிறிதாக வாசிக்கிறது. ஆகவே ஒரு கோப்பை வாசித்து, திருத்தி, அதே பெயரில் எழுத முயன்றால் கோப்பு பூட்டப்பட்டுள்ளது என்ற பிழை வரும். வாசிப்பு இன்னும் முடியவில்லை என்பதே காரணம். டெக்ஸ்ட் நூலகத்தின் இயல்பான வாசிப்பு முழுக் கோப்பையும் அப்போதே வாசித்துவிடுவதால் அங்கு இந்தச் சிக்கலே எழாது.

எல்லைகளைச் சரிசெய்த பிறகும் ஒரு பெரிய பகுதி மிஞ்சியிருக்கிறது: டெக்ஸ்ட் அறிந்தது குறியெண்களை மட்டுமே, தமிழ் எழுத்துகளை அன்று. ‘தமிழ்’ என்பதன் நீளத்தைக் கேட்டால் 5 என்று வரும். ‘கிளி’யைத் தலைகீழாக்கினால் இகரக் குறி எழுத்துக்கு முன்னால் வந்து நிற்கும். நிறுத்தக்குறிகளை நீக்குவதற்காக, எழுத்துகளை மட்டும் வைத்துக்கொள் என்று ‘ஈஸ்ஆல்ஃபா’ என்ற சோதனையால் வடிகட்டினால், ‘தமிழ்’ ‘தமழ’ ஆகிவிடும். ஏனெனில் உயிர்க்குறிகளும் புள்ளியும் யூனிகோடு வகைப்பாட்டில் எழுத்துகளல்ல, ஒட்டுக்குறிகள். மெகாபார்செக் என்ற புகழ்பெற்ற பகுப்பாய்வு நூலகத்தின் எழுத்துச் சோதனையும் இதே விதியைப் பின்பற்றுவதால், அதைக் கொண்டு தமிழ்ச் சொல்லை வாசிக்க முயல்பவரின் நிரல் முதல் உயிர்க்குறியிலேயே நின்றுவிடும். சோதனையோடு ‘ஈஸ்மார்க்’ என்பதையும் சேர்த்துவிட்டால் இரண்டும் சரியாகும்.

அதே ஈஸ்மார்க்கைக் கொண்டு தமிழ் எழுத்துகளைப் பிரிக்கவும் முடியும். அடுத்து வருவது ஒட்டுக்குறியாக இருந்தால் முந்தைய எழுத்தோடு சேர் என்ற ஒற்றை விதியை டெக்ஸ்டின் ‘குரூப்பை’ செயற்கூறிடம் கொடுத்தால், த, மி, ழ் என்று மூன்று துண்டுகள் கிடைக்கும். இதற்கு வெளி நூலகம் எதுவும் வேண்டாம். டெக்ஸ்ட்-ஐசியூ என்ற நூலகம் யூனிகோடின் முழு விதிகளின்படி பிரித்துத் தரும் என்பது உண்மை. ஆனால் அதற்கு ஐசியூ என்ற சி மொழி நூலகம் கணினியில் தனியே நிறுவப்பட்டிருக்க வேண்டும், அது எல்லாருக்கும் எளிதன்று. இரு வழியிலும் க்ஷ, ஸ்ரீ ஆகியவை இரண்டிரண்டு துண்டுகளாகத்தான் வரும். அவற்றை ஒன்றாக எண்ணுவதா இரண்டாக எண்ணுவதா என்பதை நிரலர்தான் தம் தேவைக்கேற்ப முடிவு செய்ய வேண்டும்.

ஒப்பீட்டிலும் கவனம் தேவை. ஒகரக் குறியை 3018 என்ற ஒற்றைக் குறியெண்ணாகவும் எழுதலாம்; எகரக் குறியான 3014, கால் குறியான 3006 என்று இரண்டாகவும் எழுதலாம். திரையில் ‘கொடி’ இரண்டிலும் ஒன்றுபோலவே தெரியும். டெக்ஸ்டின் சமன்பாட்டுச் சோதனையோ இரண்டும் வேறு என்று சொல்லும். அகராதியில் ஒரே சொல் இரு பதிவுகளாக நிற்கும். யூனிகோட்-டிரான்ஸ்ஃபார்ம்ஸ் என்ற நூலகம் முழுக்க ஹாஸ்கலிலேயே எழுதப்பட்டது. உள்ளே வரும் ஒவ்வோர் உரையையும், யூடிஎஃப்-8 சோதனையை முடித்த கையோடு, அதன் மூலம் என்எஃப்சி என்ற ஒருமை வடிவத்துக்குக் கொண்டுவந்துவிட்டால் பின்னர் இந்தக் கவலை இல்லை.

வரிசைப்படுத்துவதுதான் கடைசியாக இடறும் இடம். டெக்ஸ்டை அப்படியே வரிசைப்படுத்தினால் குறியெண் வரிசைதான் கிடைக்கும். அந்த வரிசையில் ன என்பது நவுக்கு அடுத்தும், ற என்பது ரவுக்கு அடுத்தும், வ என்பது ல, ள, ழ மூன்றுக்கும் பின்னும் வருகின்றன. புள்ளியின் குறியெண் எல்லா உயிர்க்குறிகளின் எண்ணையும்விடப் பெரியதாதலால் ‘அக்கா’ என்ற சொல் ‘அகல்’, ‘அகிலம்’ ஆகியவற்றுக்குப் பின்னால் போய்விடும். தமிழ் அகராதியிலோ மெய்யெழுத்து உயிர்மெய்க்கு முன் நிற்பதால் ‘அக்கா’வே முதலில் வர வேண்டும். பான்டாக் என்ற ஆவண மாற்று மென்பொருளை எழுதிய ஜான் மக்ஃபார்லேன் உருவாக்கிய யூனிகோட்-கொலேஷன் நூலகம், யூனிகோடின் வரிசைப்படுத்தல் நெறியை வெளி நூலகச் சார்பின்றித் தருகிறது. டெக்ஸ்ட்-ஐசியூவிலும் அதற்கான வசதி உண்டு. எதைத் தேர்ந்தாலும், மேலே சொன்ன மூன்று சொற்களோடு ‘வளம்’, ‘ழகரம்’, ‘னகரம்’ ஆகியவற்றையும் சேர்த்து ஒரு சிறு சோதனையை நிரலோடு எழுதிவைக்கலாம். ‘அக்கா’ முதலிலும் ‘னகரம்’ இறுதியிலும் வந்தால் வரிசை சரி.